அழகம்மாளின் இடது கன்னம்

கெண்டை மீன் உரசுகிற வேலை அந்த வீட்டில் அழகம்மாளுடையது. கொல்லையில் கிடக்கும் சொரசொரத்த கல்லில் சாம்பலைத் தூவி, வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தேய்க்கிற தேய்ப்பில் செதில் முழங்கை வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். அக்கம்பக்கத்துப் பூனைகளெல்லாம் சுவரில் வந்து வரிசை கட்டிவிடும். ஆனி மாசம். கண்மாய் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடித்த நாள். அவள் புருஷன் நல்லகாமன் இடுப்பு வரை சேறோடு வந்து கூடையை இறக்கிவிட்டு, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

“முள்ளுப் பாத்து அறு. போன தடவ தொண்டையில சிக்கி உசுரு போயி உசுரு வந்துச்சு.”

“நெதானமாத் தின்னா ஏன் சிக்குது? பந்தியில கடைசி ஆளு மாதிரி அள்ளிப் போட்டா முள்ளு என்ன, வெறகுக்கட்டையே சிக்கும்.”

“வாயி வந்துருச்சுடி ஒனக்கு.”

வந்துதான் இருந்தது. இரண்டு வருசத்துக்கு மேல் அந்த வாய் சோற்றைக் கரைத்துக் குடித்த வாய். மீன் ஆக்கினாலும் குழம்பில் ஊறின சோற்றை உறிஞ்சியதோடு சரி. இப்போது முள்ளோடு மென்று, தலையை உடைத்துச் சப்பிவிட்டு, விரலை நக்குகிற அளவுக்குத் தேறியிருக்கிறாள். அந்தத் தேற்றத்துக்குக் காரணம் ஃபிரிட்ஜ் மேல், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் பக்கத்தில் கிடக்கும் ஒரு மாத்திரை அட்டை.

அழகம்மாள் பிறந்தது வாலாந்தூர்ப் பக்கம். வாக்கப்பட்டது செக்கானூரணிக்குத் தெற்கே. கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். வெண்டை, கத்தரி, பருவத்துக்குப் புடலை. விடியுமுன்னே காய் பறித்து மூட்டை கட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றிப் பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவள்தான். நல்லகாமனுக்குத் தண்ணீர் பாய்ச்ச வரும், மருந்தடிக்க வரும், விலை பேச வராது. யாராவது நாலு வார்த்தை நயமாகப் பேசிவிட்டால் கத்தரிக்காயோடு சாக்கையும் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அழகம்மாளிடம் அந்தக் கதை நடக்காது. “செக்கானூரணி அக்கா வந்துருச்சு, இன்னைக்கு நமக்குச் சங்குதான்” என்று கமிஷன் கடைக்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படி ஒரு காலையில், வெண்டைக்காய்க்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் முதல் அடி விழுந்தது. “இந்த வெலைக்குக் குடுக்குறதுக்கு நான் ஆட்டுக்கே போட்டுருவேன்” என்று சொல்ல வாயெடுத்தவளுக்குப் பாதிச் சொல்லில் இடது கன்னத்துக்குள் கரண்டுக் கம்பி அறுந்து விழுந்தமாதிரி ஒரு வெட்டு. காதுக்கு முன்னால் கிளம்பி, மேல் ஈறு வழியாக ஓடி, உதட்டோரத்தில் வந்து சுள்ளென்று நின்றது. திறந்த வாய் திறந்தபடி நின்றாள். பேசாமல் நிற்கிறாளே, ஒத்துக்கொண்டாள் போல என்று கடைக்காரர் மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக எதிராளி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வலி என்னவோ கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும், எதற்கு வரும் என்று சொல்ல முடியாது. பல் தேய்த்தால் வந்தது. முகத்தில் தண்ணீர் பட்டால் வந்தது. லோடு ஆட்டோவில் எதிர்க்காற்று அடித்தால், முந்தானை கன்னத்தில் உரசினால், “அஸ்வினி” என்று மகளைக் கூப்பிட்டால்கூட வந்தது. கிராம்பு வைத்தாள். புகையிலையைச் சுருட்டி அதக்கினாள். குலசாமித் திருநீறைக் குழைத்துப் பூசினால், பூசின விரலே வலியைக் கிளப்பியது. டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். சில நாள் நின்றது. திரும்ப வந்ததும் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். அதற்கடுத்ததை அவளே போய்ப் பிடுங்கச் சொன்னாள். கரும்பைக் கடித்துப் பிளக்கிற பல் எல்லாம். இடது பக்கம் மேல் வரிசை பொக்கையானதுதான் மிச்சம். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

“வேல வர்ற நேரம் பாத்துத்தான் ஒனக்கு வலியும் வருது” என்றான் நல்லகாமன். அதற்குப் பதில் சொன்னாலும் வலிக்கும் என்பதால் அவள் பதில் சொல்லவில்லை. பேச்சு குறைந்துபோன பெண்டாட்டியோடு வாழ்வது அவனுக்கு ஒரு வகையில் சௌகரியமாகக்கூட இருந்திருக்கலாம்.

அஸ்வினிதான் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நரம்புப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, வாயைத் திறக்கச் சொல்லவில்லை, பல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. “மூஞ்சி கழுவுனா வலிக்குதாம்மா? காத்துப் பட்டா? ஒரு பக்கம் மட்டுந்தானா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விகளைக் கேட்டதுமே அழகம்மாளுக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. இத்தனை நாளும் யாரும் கேட்காத கேள்விகள். டாக்டரம்மா ஒரு சீட்டின் பின்பக்கம் ஒரு முகத்தை வரைந்து, காதோரத்திலிருந்து கிளம்பி மூன்றாகப் பிரிகிற நரம்பைக் காட்டினாள்.

“பல்லுல ஒண்ணுமே இல்லம்மா. இது முகத்து நரம்பு. மாத்திரை எழுதுறேன். மொதல்ல கொஞ்சம் தலை சுத்தும், பயப்படாதீங்க. அப்பப்ப வந்து டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போகணும். நீங்களா மட்டும் நிறுத்திறக் கூடாது.” பிறகு அஸ்வினியைப் பார்த்து, “இதே மாத்திரைய வலிப்புக்கும் குடுப்போம். கடையில யாராச்சும் அதச் சொல்லிப் பயமுறுத்துவாங்க. அம்மாவுக்கு அது இல்ல” என்றாள். அஸ்வினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சொன்னபடியே முதலில் தரை படகு மாதிரி ஆடியது. நடவு வயலில் நடக்கிறமாதிரி காலை எடுத்து எடுத்து வைத்தாள். அப்புறம் ஒரு காலையில் குழாயடியில் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அள்ளி அடித்தாள். “தொட்டி காலியாகப் போகுது, என்னடி பண்ற?” என்று நல்லகாமன் கத்துகிற வரைக்கும் அவள் முகம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த மாத்திரையைத்தான், மீன் உரசிய அன்று, ராமக்காள் எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் இல்லை, வாய்ப்பேச்சில். ராமக்காள் நல்லகாமனுக்குச் சித்தப்பா மகள், மூத்தவள். அஸ்வினிக்குத் திருமங்கலத்து மாப்பிள்ளையைக் கொண்டுவந்தது அவள்தான்.

“ஏ அழகு, கையக் கழுவிட்டு உள்ள வா. ஒரு பேச்சு.”

“மீனு பாதி கெடக்கு மதினி. இங்ஙனயே சொல்லுங்க. பூனைதான கேக்கப் போகுது.”

“பூனை கேட்டாலும் ஊருக்குப் போயிரும். வா.”

உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு ராமக்காள் கேட்டாள்: “உங்க வீட்ல யாருக்குக் காக்காவலிப்பு?”

வைகாசியில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அருள்பாண்டி ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறான். அம்மா சீனியம்மாள் கறாரான பொம்பளை. அக்கா பாண்டிமீனா திருமங்கலத்தில் மருந்துக்கடையில் வேலை. அன்றைக்குத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்த பாண்டிமீனா ஃபிரிட்ஜ் மேல் கிடந்த அட்டையைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள்: இது வலிப்புக்காரவகளுக்குக் குடுக்குற மாத்திரை, எங்க கடையில இதத் தெனமும் எடுத்துக் குடுக்குறவ நான்.

“அது மொகத்து நரம்புக்குக் குடுத்தது மதினி. நான் பட்ட பாட்ட நீங்க பாக்கலையா?”

“பாத்தேன். அப்பப் பல்லு வலின்னுல்ல சொன்ன?”

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த நல்லகாமனுக்கு விசயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், “மாட்டுக்கு வாங்குனதுன்னு சொல்லிருவம்க்கா” என்றான்.

“மாடு ஃபிரிட்ஜ் மேல எட்டி எடுத்து முழுங்குச்சாக்கும்? கிறுக்கா, கேளு. சீனியம்மா ஒரே வார்த்தை சொல்லிட்டாக. வலிப்பு மாத்திரை இந்த வீட்ல யாரும் திங்கலைன்னு பொண்ணோட ஆத்தா வந்து எங்க சாமி முன்னால சூடத்த அணைச்சுச் சொல்லட்டும். ஆவணி பொறந்ததும் கை நனைக்க வாரோம். இல்லாட்டி வேற எடம் பாத்துக்கிறோம்.”

மாப்பிள்ளை வீட்டார் பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் காபி, மிக்சரோடு நிறுத்திக்கொள்வார்கள். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதுதான் கை நனைப்பது. நனைத்த கையை அப்புறம் லேசில் உதற முடியாது.

சாயங்காலம் அழகம்மாளின் அண்ணன் ஒச்சப்பன் வாலாந்தூரிலிருந்து வண்டியில் வந்து இறங்கினார். அவருக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் உண்டு. செய்தி அவர் வீட்டு வாசலுக்கும் வரும் என்று தெரிந்து வந்தவர்.

“எங்க வம்சத்துல ஆடு, கோழிக்குக்கூட வலிப்பு வந்ததில்ல மாப்ள” என்றார் உட்காருமுன்னே.

“அப்ப எங்க வம்சத்துல வந்துச்சுங்கிறீகளா மச்சான்? அவ உங்க வீட்டுப் பொண்ணு.”

“எங்க வீட்ல இருந்து அனுப்பும்போது எல்லாப் பல்லும் இருந்துச்சு. உங்க வீட்ல வந்துதான் பொக்கையாச்சு.”

“நாங்க என்ன, பல்லப் பிடுங்கியா வித்தோம்?”

அழகம்மாள் நடுவில் வந்து நின்றாள். “எனக்கு வலிப்பே இல்லங்கிறேன். இல்லாத வலிப்பு எந்த வம்சத்துல இருந்து வந்துச்சுன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீகளே. அந்தப் பொண்ணு பாண்டிமீனாவக் கூட்டிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டரம்மாவே சொல்லட்டும்.”

“டாக்டரச் சாட்சிக்குக் கூப்பிட்டா என்னமோ இருக்குன்னுதானத்தா அர்த்தம்?” என்றார் ஒச்சப்பன். “குத்தமில்லாதவன் வெளக்கஞ் சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டான். அவக என்ன கேக்குறாக? மாத்திரை திங்கலைன்னு சூடத்த அணைக்கச் சொல்றாக. சரி, திங்காத. இன்னைக்கே நிறுத்திட்டு அணைச்சா சத்தியம் பொய்யில்லைல. சாமிக்கும் பதில் சொல்லிரலாம், சம்பந்திக்கும் பதில் சொல்லிரலாம்.”

நல்லகாமனுக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. “அதான மச்சான்!” என்றான். சற்று முன் வம்சத்தை இழுத்த சண்டை, இரண்டு பேருக்கும் மறந்தே போய்விட்டது.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டே அஸ்வினி சொன்னாள்: “ஒரு மாசந்தானம்மா. கை நனைச்சு முடிஞ்சதும் நான் அவருகிட்டப் பக்குவமாச் சொல்லிருவேன்.”

“இப்பச் சொல்லேன். தெனமும் போன்ல பேசத்தான செய்யிற.”

“இப்பச் சொன்னா சமாளிக்கிற மாதிரி இருக்கும்.”

“டாக்டரம்மா சொன்னப்ப பக்கத்துல நின்னவ நீதான தாயி.”

“தெரியும்மா. தெரியாமலா கேக்குறேன்? ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இதும் போச்சுன்னா என்னத்தச் சொல்லிக்கிட்டு நான் ஸ்டாஃப் ரூம்ல உக்கார?” மடிப்பைச் சொருகிவிட்டு முந்தானையை நீட்டினாள். அழகம்மாள் வாங்கி, தோளில் மட்டமாகப் பின் குத்திவிட்டாள்.  அன்றைக்கு மாத்திரை போடவில்லை.

வெள்ளிக்கிழமை திருமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் சாமி வீட்டில் வைத்துச் சூடம் ஏற்றினார்கள். சீனியம்மாள் முன்னால் நின்றாள். பாண்டிமீனா அழகம்மாளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்ல வலிப்பு மாத்திரை யாரும் திங்கல. இனியும் திங்க மாட்டோம்” என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள் அழகம்மாள். ‘இனியும்’ என்கிற வார்த்தையை அந்த இடத்தில் சேர்க்கச் சொன்னது பாண்டிமீனா. அது அங்கே போனபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கை சுட்டது. அவள் பட்ட சூட்டுக்கு அதெல்லாம் கணக்கிலேயே வராது.

ஆடி பிறந்தது. கம்பம் கணவாயில் கிளம்புகிற காற்று தேனி, உசிலம்பட்டி என்று எதிலும் முட்டாமல் வந்து அந்த வெளியில்தான் ஆடும். தகரக் கூரை படபடக்கும், புழுதி பறக்கும், துணி காயப் போட்டால் பக்கத்து ஊரில் போய்த் தேடவேண்டும். அந்தக் காற்றோடு கன்னத்துக்குள் இருந்ததும் திரும்பி வந்தது. விட்டுப்போன நாளுக்கெல்லாம் வட்டி போட்டமாதிரி வந்தது. தலையோடு சேர்த்துக் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெண்டைக்காய் பறித்தாள். சோற்றையும் குழம்பையும் மிக்ஸியில் அடித்து, வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து ஊற்றிக்கொண்டாள். பரவைக்கு நல்லகாமன் போய்வந்தான். வந்து சொல்கிற விலையைக் கேட்டு அவளுக்கு வயிறு எரியும். எரிச்சலைச் சொல்லவும் வாயைத் திறக்க முடியாது.

அஸ்வினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக மேற்குச் சன்னலைச் சாத்துவாள். முகம் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். ரவைக் கஞ்சி காய்ச்சி ஆற்றித் தருவாள். கேட்காமலே எல்லாம் செய்தாள். ஒரு நாள் அடுப்படியில், வெட்டு வாங்கிய அழகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றபோது, அஸ்வினியும் கரண்டியோடு அப்படியே நின்றாள். வலி விட்டதும், “போட்டுக்கிறயாம்மா ஒண்ணு?” என்று மெல்லக் கேட்டாள். அழகம்மாள் சூடம் அணைத்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவ்வளவுதான். சாமி மீது அவளுக்கு அப்படியொன்றும் பயம் கிடையாது. ஆனால் பொய்ச் சத்தியம் பண்ணினவளைச் சாமி விட்டுவிட்டு அவள் பிள்ளையைப் பிடிக்கும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள்.

ஆவணியில் நாள் பார்த்து வந்தார்கள். கிடாய் அடித்து, வாசலில் பந்தல் போட்டு, கூடத்தில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. ஒச்சப்பன் காலையிலிருந்தே எசமான் மாதிரி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். சீனியம்மாளுக்கு முகம் மலர்ச்சியாகவே இருந்தது.

“பொண்ணோட ஆத்தாளும் நம்மளோடயே உக்காரட்டும். என்ன மதினி, அடுப்படியிலயே நின்னா எப்படி?”

“வாரேன், வாரேன்” என்றாள் அழகம்மாள், உதட்டை அசைக்காமல்.

அவள் எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாள். வலது பக்கமாக மெல்லவேண்டும். ரசத்துச் சோறு என்றால் மெல்லாமலே இறங்கும். பேச்சுக் கொடுத்தால் சிரிப்போடு நிறுத்திக்கொள்ளவேண்டும். சீனியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், எதிரே பாண்டிமீனா. முதல் கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. ராமக்காள் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினாள், பிழைத்தோம் என்பதுபோல.

சீனியம்மாள் தன் இலையிலிருந்து ஒரு நெஞ்செலும்பை எடுத்து அவள் இலையில் வைத்தாள். சம்பந்தி கையால் வைத்தது. “தின்னுங்க மதினி. எம்புட்டு எளைச்சுப் போயிட்டீக!” தின்னாமல் இருக்கமுடியாது. எடுத்து வலது கடைவாயில் கொடுத்துக் கடித்தாள். அதே நேரம், பொம்பளைகளுக்கு வேர்க்கிறதே என்று நல்லகாமன் ஓரத்தில் நின்ற ஃபேனை இழுத்துவந்து அவர்கள் பக்கம் திருப்பி, வேகத்தைக் கூட்டிவிட்டான்.

காற்று நேரே இடது கன்னத்தில் விழுந்தது.

ஒரு வெட்டோடு நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கை எலும்போடு பாதியில் நின்றது. இடது பக்கத்து முகம் மேலே இழுத்துக்கொண்டு வெட்டி வெட்டித் துடித்தது. வாயை மூடவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் எச்சில் கோடாக இலையில் வடிந்தது. கண் நிலைகுத்தி நின்றது. ஆனால் அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, காதுக்கு எல்லாம் கேட்டது. அதுதான் கொடுமை. பாண்டிமீனா இலையைவிட்டு எழுந்தது தெரிந்தது. “பாத்தியாம்மா, நான் சொல்லல?” என்றது கேட்டது. “இரும்பு, இரும்பு! கையில எதையாச்சும் இரும்பக் குடுங்கப்பா!” என்று ராமக்காள் அலறியது கேட்டது.

ஓடி வந்தது நல்லகாமன். பீரோச் சாவிக் கொத்தை உருவிக்கொண்டு வந்தான். அவள் கையிலிருந்த எலும்பைத் தட்டிவிட்டு, உள்ளங்கையில் சாவிக் கொத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு வலிப்பு இல்லை என்று தெரிந்த மனுசன். பயத்தில் செய்தானா, எல்லோரும் பார்க்கிறார்களே என்று செய்தானா, இரும்பு வைத்தால் நின்றாலும் நிற்கும் என்று நம்பித்தான் செய்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது. வலி விட்டதும் அவள் முதலில் பார்த்தது தன் கையைப் பிடித்திருந்த அவன் கையைத்தான். சாவிக் கொத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சாப்பாட்டில், இலையை மூடாமல் எழுந்துபோனார்கள்.

கொஞ்ச நாள் அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அஸ்வினியின் போன் சத்தம் போடாமல் கிடந்தது. ‘அவருகிட்டச் சொன்னயா?’ என்று அழகம்மாள் சைகையில் கேட்டதற்கு, “எடுக்க மாட்டேங்கிறாரும்மா” என்று சொல்லிவிட்டுச் சன்னலைச் சாத்தப் போய்விட்டாள். சன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராமக்காள் சிரித்த முகமாக வந்தாள். ஒச்சப்பனையும் வரச்சொல்லிவிட்டே வந்திருந்தாள்.

“மாப்ள ஒத்தக்கால்ல நிக்கிறாராம், கட்டுனா இந்தப் பொண்ணத்தான்னு. சீனியம்மா எறங்கி வந்துட்டாக. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாக. இது வம்சத்துல வர்றதா, இல்ல அடிபட்டு வந்ததா? தலையில அடிபட்டு வர்ற வலிப்பு பிள்ளைகளுக்கு எறங்காதாம். அந்தப் பொண்ணு பாண்டிமீனாவே சொல்லிருக்கு.”

 பிறகு ஒச்சப்பன் தொடையைத் தட்டினார்.

“அடிபட்டதுதானக்கா! சின்னப் பிள்ளையில எங்க பம்புசெட்டுத் தொட்டி மேல இருந்து விழுந்து மண்ட ஒடஞ்சவதான இவ. அதுல இருந்துதான் இப்படி.”

அழகம்மாள் கன்னத்துத் துண்டை அவிழ்த்தாள். “நான் எப்பண்ணே விழுந்தேன்?”

“நீ சின்னப் பிள்ள. ஒனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

“தழும்பு?”

“முடிக்குள்ள இருக்கும். அத எவன் பாத்தான்?”

நல்லகாமன் மெதுவாகத் தலையாட்டினான். “நான் பொண்ணு எடுக்கும்போதே மச்சான் சொன்னாரு. நாந்தேன் பெரிசா எடுத்துக்கல” என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நடந்தமாதிரி ஆகிவிட்டது. ஒச்சப்பன் மகளுக்கும் இனிப் பயமில்லை. இந்த வம்சத்துக்கும் பழியில்லை, அந்த வம்சத்துக்கும் பழியில்லை. எல்லாப் பழியும் ஒரு பம்புசெட்டுத் தொட்டியோடு போயிற்று.

“சத்தியம் பண்ணுனதுக்கு அவுக சாமிக்கு ஒரு கெடாய் வெட்டித் தப்புக் குடுத்தாச் சரியாப் போகுமாம்” என்றாள் ராமக்காள். “அப்புறம் அழகு, மனசுல வச்சுக்கிறாத. கல்யாணத்தன்னைக்கு மேடையில மட்டும் ஏற வேணாம்னாக. கீழ உக்காந்து பாத்துக்க. சபையில எதாச்சும் ஆச்சுன்னா பிள்ளைக்குத்தான அசிங்கம்?”

நல்லகாமன் சட்டைப் பையிலிருந்து ஒரு புது மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவனே கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தான். “தின்னு. இனிமே ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல” என்றான். குரலில் கொஞ்சம் பிரியம்கூட இருந்தது.

ரோசத்துக்கு அதை எடுத்து வீசுகிற நிலைமையில் அழகம்மாளின் கன்னம் இல்லை. ஒன்றைப் பிதுக்கி நாக்கில் வைத்து, சொம்புத் தண்ணீரை வலது பக்கமாகச் சாய்த்து விழுங்கினாள். விழுங்கினதும் இடது பக்கம் ஒரு வெட்டு வந்தது. அது போகட்டும் என்று இருந்தாள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஸ்வினி மட்டும் கையில் போனோடு கதவோரம் நின்றிருந்தாள். போன் மறுபடி வெளிச்சம் போட ஆரம்பித்திருந்தது.

“அஸ்வினி” என்று கூப்பிட்டாள் அழகம்மாள். அந்தப் பெயரைச் சொல்ல வாய் அகலவேண்டும், வலிக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள். “எனக்கு என்ன நோவுன்னு இந்த வீட்ல ஒனக்கு நல்லாத் தெரியும். டாக்டரம்மா என்ன சொன்னாக? இவுககிட்ட நீ சொல்லு.”

அஸ்வினி நிமிர்ந்தாள். ராமக்காளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள்.  “கேக்குறால்ல, எதாச்சும் சொல்லு” என்பதுபோல ஒச்சப்பன் ஒரு முறை கனைத்தார். அப்புறம் அவரும் விட்டுவிட்டார்.

அழகம்மாள் காத்திருந்தாள். கல்யாணத்துக்கு மண்டபம் திருமங்கலத்திலா, திருப்பரங்குன்றத்திலா என்று நல்லகாமன் மெல்லப் பேச்சை ஆரம்பித்தான். அவள் தரையில் கையை ஊன்றி எழுந்து, துண்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு, மகளைத் தாண்டி வெளியே போனாள்.